நீல வாளி, பச்சை வாளி, ஒரு டின் நல்லெண்ணெய்

1

மாநகராட்சியிலிருந்து வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்று நீலம், ஒன்று பச்சை. சமையலறைக் கழிவெல்லாம் பச்சையில், பிளாஸ்டிக்கும் காகிதமும் நீலத்தில் என்று, கொண்டுவந்த பெண் வங்காள மொழியில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "எலியை எதில் போடுவது?" என்று கேட்டேன். அப்போது எனக்குக் கேலி பேசுகிற தெம்பு இருந்தது. "மூடி போட்டு வையுங்கள் மாஷிமா, எலி தானாகப் போய்விடும்" என்று சித்தி முறை வைத்துச் சொன்னாள்.

போகத்தான் செய்தது. எங்கே போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து அண்ணன் போன் பண்ணினான். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, "எண்ணெ தீந்துருக்கும்லா? ஹவுராவுக்கு நம்ம ஆள் ஒருத்தர் வாராரு. அடுத்த டின்னக் குடுத்து விடுதேன், மாப்பிள்ளைக்குக் கால்ல தேய்க்க வேணும்லா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அவன் திரும்பத் திரும்ப அடித்தான், எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பான். அண்ணே, கோபமில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் மற்றவர்களும் படியுங்கள். கல்கத்தா என்றால் பூஜைப் பந்தல் படம் அனுப்பு, மிஷ்டி இனிப்பு வாங்கி வா என்கிறீர்களே, இந்தத் தடவை இதுதான் இருக்கிறது.

2

நாங்கள் இருப்பது பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில். கல்யாணமாகி வந்த கொஞ்ச காலம் துறைமுகக் குவார்ட்டர்ஸ், பிறகு இங்கேதான். என் வீட்டுக்காரர் கிதிர்பூர் துறைமுகத்தில் சரக்குக் கொட்டகைப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி அவரைப் படிப்படியாக உட்கார வைத்துவிட்டது. இப்போது கட்டில், ஜன்னலோரத்து நாற்காலி, பாத்ரூம், இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

ஜன்னலுக்கு வெளியே நடைபாதை முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். ரயிலில் வந்து இறங்குகிற கூட்டத்துக்குச் சோறு, மீன் குழம்பு, சௌமின் நூடுல்ஸ், முட்டை ரோல். மிச்சம் மீதியெல்லாம் சந்து மூலையில் இருந்த திறந்த குப்பைமேட்டுக்குப் போகும். அங்கே திரிந்தவற்றை எலி என்று சொல்ல எனக்கு மனசு வராது, பெருச்சாளி. பூனை அவற்றைப் பார்த்து ஒதுங்கி வழிவிடும். பகலிலேயே நடைபாதைக் கல்லின் ஓட்டையிலிருந்து தலையை நீட்டிக் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவர் தட்டைக் கழுவிக் கொட்டட்டும் என்று. தரைக்கடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் நடைபாதையே ஓரிடத்தில் உள்வாங்கிவிட்டது.

அப்புறம்தான் மாநகராட்சிக்கு ரோஷம் வந்தது. வார்டில் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன், பேசவும் செய்தேன். குப்பைமேட்டை எடுங்கள், வளைகளை அடையுங்கள், கடைக்காரர்கள் எச்சிலைத் தெருவில் கொட்டாமல் வண்டியில் கொடுக்கட்டும் என்று வங்காளத்தில் விளாசினேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து, "நீங்கள் எவ்வளவு நன்றாக வங்காளம் பேசுகிறீர்கள்" என்றார். இந்த ஊரில் வந்து பிள்ளை பெற்று அவளுக்குக் கல்யாணமும் பண்ணிக் கொடுத்தாயிற்று, இன்னும் அந்தப் பாராட்டுதான். வங்காளிக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. போகட்டும்.

ஆனால் சொன்னதைச் செய்தார்கள், அதை இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். மேட்டை வாரி எடுத்து அந்த இடத்தைக் கழுவிக் குப்பையை நசுக்கும் இயந்திரம் வைத்தார்கள். உடைந்த கண்ணாடியைச் சிமெண்டில் குழைத்து ஒவ்வொரு வளையிலும் ஊற்றினார்கள். வாளிகள் வந்தன. காலையில் வண்டிக்காரர் விசில் ஊதினால் நாங்களெல்லாம் நீலமும் பச்சையுமாக வாசலில் நிற்போம். ஓட்டல்காரர்களும் பயந்துபோய் டிரம் வைத்துக்கொண்டார்கள். தெரு பளிச்சென்று ஆகிவிட்டது. இவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, "பாத்தீயளா, நான் பேசுனதுக்கு" என்று பெருமையடித்தேன்.

"தெருவச் சுத்தம் பண்ணியாச்சு, சரி. அதுகளுக்குச் சாப்பாடு யார் போடுவா?" என்றார் இவர்.

"எக்கேடும் கெட்டுப் போவட்டும். உங்களுக்கு எலிக்குப் பரிஞ்சு பேசாட்டா ஆகாதோ?"

"பரிஞ்சு பேசலட்டி. கொட்டகையில தானியம் காலியாச்சுன்னா மறுநாள் ஆபீசுக்குள்ள வந்துரும். ஃபைல எல்லாம் திங்கும். அதச் சொன்னேன்."

நான் காதில் வாங்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்களுக்குப் பிள்ளையாரின் வாகனமாகவே வந்து முடிந்தது.

3

சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கேற்றிய பிறகு சின்ன இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு போய் இவர் கால்மாட்டில் உட்காருவேன். இரண்டு காலையும் கழுவித் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், கணுக்கால் என்று ஊற ஊறத் தேய்த்துவிடுவேன். ஆரம்பத்தில் பாதம் எரிகிறது என்று துடிப்பார். அதற்காகத் தொடங்கியது. அண்ணன் செக்கில் நின்று ஆட்டி வாங்கி அனுப்புகிற எண்ணெய் அது. கடை எண்ணெய் எனக்குப் பிடிக்காது, பாட்டிலைத் திறந்தால் எள் வாசம் வரவேண்டாமா?

எரிச்சல் பிறகு நின்றுபோனது. எண்ணெயால்தான் நின்றது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உணர்ச்சி போனதால் நின்றது என்று டாக்டர் சொன்னார். எப்படியானால் என்ன, வழக்கத்தை நான் விடவில்லை.

எங்கள் பெண் சுபா விலை கூடின கிரீம் ஒன்று வாங்கி வந்து வைத்தாள். "மா, டாக்டர் இதுதான் போடச் சொல்றாங்க. எண்ணெய் எல்லாம் கேன் கர்ச்சோ?" என்றாள். ஏன் பண்ணுகிறாய் என்பதைத் தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பாள். அவளுக்கு வாக்கியம் பாதி வழியில் ரயில் மாறிவிடும், அவளுக்கே தெரியாது. கிரீமை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், நானும் இவரும் ஒருநாளில் பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான். பகலெல்லாம் மாத்திரை, சமையல், மருந்துக்கடை, வண்டி விசில் என்று ஓடிவிடும். கால்மாட்டில் உட்கார்ந்தால் வாய் தானாகத் திறக்கும். அண்ணி முறையில் நான் பௌதி என்று கூப்பிடுகிற மாடிவீட்டுக் கோபாவும் அவள் மருமகளும் போட்ட சண்டை, மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரனிடம் நான் போட்ட சண்டை, ஊரில் யார் வீட்டில் விசேஷம், எல்லாம் அங்கேதான் ஒப்பிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டுவார்.

4

அன்று காலை காபி கொண்டுபோனேன். இவர் கொசுவலைக்குள் தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு எறும்புப் பொடி போடணும்ட்டி, கட்டில் பக்கம் என்னமோ ஊருது" என்றார். நான் கொசுவலையைத் தூக்கினேன். கால்பக்கத்து விரிப்பு முழுக்க ரத்தம். உயரமான மனுஷர், தூங்கும்போது கால் வலையில் போய் முட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் வலை ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குதறப்பட்டிருந்தது. இடது காலில் இரண்டாவது விரலின் நுனி இல்லை.

அவருக்குத் தெரியாது. என் மூஞ்சியைப் பார்த்துத்தான், "என்ன?" என்று கேட்டார். பேப்பரை மடித்துக்கூட வைக்கவில்லை. எனக்கு அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்துப்போட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. ஒரு மனுஷனைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது, அவர் தூங்கியிருக்கிறார்.

சுபா நியூ டவுனிலிருந்து கேப் பிடித்து ஓடி வந்தாள். டாக்டர் ஊசி போட்டார், கட்டுப் போட்டார். இப்படி உணர்ச்சியற்ற காலை எலி கடிப்பது அவருக்குப் புதிதில்லையாம். "சர்க்கரைக் காலில் புண் ஆறுவது கஷ்டம். இன்னொரு தடவை கடித்தால் விரலோடு நிற்காது. காலைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்றார்.

சுத்தமாக வைத்திருங்கள் என்றார். எங்கள் அகராதியில் சுத்தம் என்றால் என்ன? கழுவுவது, துடைப்பது, எண்ணெய் வைப்பது. கட்டுப்போட்ட காலை விட்டுவிட்டேன். மிச்சமிருக்கிற நல்ல காலையாவது காப்பாற்ற வேண்டுமே என்று அதற்கு இரண்டு பங்கு எண்ணெய் வைத்துத் தேய்த்தேன்.

5

வார்டு ஆபீசுக்குப் போனேன். கொசு என்றால் சுகாதாரப் பிரிவு, உடனே ஆள் வருவார்கள், டெங்கு பயம். எலி என்றதும் அங்கே இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். குப்பைப் பிரிவைக் காட்டினார். குப்பைப் பிரிவில், "தெருவைப் பாருங்கள் மாஷிமா, ஒரு எலி இருக்கிறதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். இல்லைதான். வளை அடைப்பது எஞ்சினியர் பிரிவு. எஞ்சினியர் பிரிவிலிருந்த மனிதர் நல்லவர், உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். "நடைபாதை வளை என்றால் நாளைக்கே அடைத்துத் தருவேன். உங்கள் கட்டடத்துக்குள் இருப்பது தனியார் வளை. வீட்டுக்குள் வந்துவிட்டால் அது உங்கள் எலி" என்றார்.

எனக்கு வங்காளம் நின்றுபோனது. அத்தனை பேர் முன்னால் தமிழில் கத்தினேன். "போன மாசம் வரைக்கும் அது உங்க எலிதானய்யா! நீங்க பசிக்கப் போட்டு வெரட்டி விட்டுத்தான என் வீட்டுக்குள்ள வந்துருக்கு. என் வீட்டுக்காரர் விரலத் தின்னுட்டுப் போயிருக்கு. யாரு எலின்னு அதுக்குத் தெரியுமா?"

ஒருவருக்கும் புரியவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விஷம் வைப்பீர்களா என்று கேட்டேன். தெருநாய் தின்னும், குழந்தைகள் தொடும், அதனால் வைப்பதில்லை என்றார்கள். அதுவும் நியாயம்தான். யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் கோபப்படுவது இருக்கிறதே, அது மாதிரி ஒரு வேதனை கிடையாது. புகார் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி.

வீட்டுக்கு வந்தால் இவர் துறைமுக மூளையைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கப்பலைக் கரையில் கட்டும் கயிற்றில் வட்டமாக ஒரு தகடு மாட்டுவார்களாம், எலி கயிறு வழியாக ஏறி வராமல் இருக்க. அதுபோலக் கட்டில் காலில் மாட்டலாம் என்றார். பிஸ்கட் டப்பா மூடிகளை நடுவில் வெட்டிக் கட்டிலின் நான்கு காலுக்கும் மாட்டினேன். கட்டில் கப்பல் மாதிரி நின்றது. கொசுவலையை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினேன். நடுவீட்டில் கப்பல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அன்று இருவரும் சிரித்தோம். அதுதான் கடைசியாகச் சிரித்தது.

ஜன்னல் கம்பியிலிருந்து கொசுவலைக் கயிற்றுக்கு வழி இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஒரு ராத்திரி அந்த வழியாக வந்து, கட்டாத காலை, நல்ல காலை, அது கடித்தது. பெருவிரல்.

6

சுபா இந்தத் தடவை அழுதாள். "பாபாவைக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு மா. பதினேழாவது மாடி. அங்க எப்படி எலி வரும்? லிஃப்ட்ல வருமா?" மருமகனும் வந்திருந்தான். தங்கமான வங்காளிப் பையன், காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு நின்றான்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எலி வளையானாலும் தனி வளை வேணும்மா" என்றார்.

சுபாவுக்கு அந்தப் பழமொழி தெரியாது. "எலிக்கு எதுக்குப் பா தனி ரூம்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நான் என் பெண்ணைப் பார்த்தேன். அப்பாவின் வீம்பு அவளுக்குக் கோபமாகத் தெரிந்தது, வீம்புக்குள்ளே இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்கிற பாஷையை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடமும் தெருவும் வேறொன்றைக் கொடுத்துவிட்டன. அங்கே இரண்டு பேரும் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். பதினேழாவது மாடி ஜன்னலில் இவருக்கு என்ன தெரியும், வானம். இங்கே கடைக்காரர், பேப்பர்காரர், ரயிலுக்கு ஓடுகிற ஜனம், எல்லோரும் சித்தப்பா முறை வைத்து ஜன்னலில் "காகு, எப்படி இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார்கள்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று நானும் அதுவரை அவர் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்று பேசவில்லை.

அவர்கள் போன பிறகு கூண்டு வாங்கி வந்தேன். கம்பிக் கூண்டு, எங்கள் வீட்டில் சின்ன வயதில் இருந்தது போலவே. அம்மா அதில் மசால்வடை மாட்டுவாள். மறுநாள் நானும் அண்ணனும் கூண்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டிப் போய்த் திறந்துவிடுவோம். எங்களுக்கு முன்னால் அது வீடு வந்து சேர்ந்துவிடும் என்று அப்பா கேலி பண்ணுவார். ஆனால் கூண்டு விற்றவர், "வடையா? இந்த ஊர் எலிக்கு மீன் வை" என்றார். கோபா பௌதியும் அதையே சொல்லி மீன் தலை கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் பாவம் மனசு கேட்கவில்லை, இலிஷ் மீனின் தலை, அதைக் குழம்பில் போட்டால் யாருக்கு என்று அவள் வீட்டில் சண்டையே வரும். மாட்டினேன். தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டினேன். பிஸ்கட் மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. மீன் நாறியதுதான் மிச்சம்.

கடைசியில் அம்மா வழிக்கே வந்தேன். கடலைப் பருப்பு ஊறப்போட்டு வடை தட்டினேன். சமையல் எண்ணெய் தீர்ந்திருந்தது. கடைக்கு ஓடச் சோம்பல்பட்டு, அண்ணன் அனுப்பிய டின்னிலிருந்து ஊற்றிப் பொரித்தேன்.

மத்தியானத்துக்குள் கூண்டு விழுந்தது. உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒன்று. கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்து இன்னொரு வடை வைத்தேன், சாயங்காலம் இன்னொன்று விழுந்தது. "உன் வடையில் என்ன மந்திரம் வைத்தாய்?" என்று கோபா கேட்டாள். சந்தோஷத்தில் அவள் வீட்டிலும் வைக்கட்டும் என்று, அவள் சமையலறையில் அவளுடைய கடுகெண்ணெயிலேயே வடை பொரித்துக் கொடுத்தேன். அவள் கூண்டில் ஒன்றும் விழவில்லை. அதைக் கீழே கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்தபோதும் என் கூண்டில்தான் விழுந்தது.

ஒரே பருப்பு, ஒரே கை, ஒரே உப்பு. வித்தியாசம் எண்ணெய் மட்டும்தான்.

வடையை எடுத்துப்போட்டேன். ஒரு துணிக்கிழிசலை நல்லெண்ணெயில் நனைத்துக் கூண்டுக்குள் கட்டினேன். வெறும் துணி. காபி குடித்து முடிப்பதற்குள் கூண்டு சாத்திக்கொண்டது.

இந்த ஊர் எலிக்கு மீன் சலித்துப்போயிருக்கும். கடுகெண்ணெய் இங்கே சாக்கடையில்கூட மணக்கும். பட்டினியில் அலைகிற எலிக்கு, தெருவில் எங்குமே இல்லாத ஒரு வாசம் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து வந்திருக்கிறது. தினமும் விளக்கு வைத்த பிறகு, சூடு பண்ணி, விரலிடுக்கில் விடாமல், நானே தடவி வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு டப்பா மூடி மாட்டினேன், வலையை இறுக்கினேன், உள்ளே இரையையும் வைத்தேன். ஒரு காலைக் கடித்ததும் இரண்டு பங்காக மற்றக் காலில் வைத்தேன்.

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன், இவருக்குக் கேட்டுவிடுமே என்று. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். வார்டு ஆபீசில் எல்லோரையும் கேட்டேனே யார் எலி என்று. என் எலிதான்.

7

மறுநாள் காலை வண்டி விசில் கேட்டதும் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வண்டிக்காரர் பார்த்துவிட்டு, எண்ணெய் பச்சையிலும் சேராது, நீலத்திலும் சேராது, வண்டியில் கொட்டினால் நாளைக்கு எலி வண்டிக்கே வரும் என்றார். அண்ணன் செக்கில் நின்று வாங்கியது. சாக்கடையில் ஊற்றவும் கை வரவில்லை, ஊற்றினால் அதற்கும் வரும். திரும்பக் கொண்டுவந்து மூடியை இறுக்கி, பாலிதீன் சுற்றி, டேப் ஒட்டிப் பரணில் ஏற்றினேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் கட்டு நனையாமல் இரண்டு காலையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, வாசம் போகவே இல்லை, ஊறிப்போயிருந்தது. துடைத்துவிட்டுச் சாக்ஸ் மாட்டினேன். இவர் காலை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"எண்ணெ இல்லையா?"

"இனிமே எண்ணெ கெடையாதுங்க."

"ஏன்?"

சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? கூண்டு, வடை, துணி, எல்லாம் சொன்னேன். "நான்தாங்க ஒங்க கால எலிக்குக் குடுத்துட்டேன்" என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"எனக்கு நீ தேய்க்கது தெரியாதுட்டி கனகு" என்றார். "ரொம்ப நாளாவே தெரியாது. சூடா இருக்கா, பச்சத் தண்ணியா, ஒண்ணும் தெரியாது."

"பின்ன எதுக்குச் சாயங்காலம் ஆனா கால நீட்டிக்கிட்டு 'எண்ணெ, எண்ணெ'ன்னு கேட்டுக்கிட்டிருந்தீய? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

பெருவிரல் கறுத்துவிட்டது. வியாழக்கிழமை எடுக்கிறார்கள். எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதோடு நிற்குமா, பாதமும் போகுமா என்று சொல்வோம் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நியூ டவுன் என்று சுபா முடிவுசெய்துவிட்டாள். நான் பயந்துகொண்டே இவரிடம் கேட்டேன். "சரி, போவோம்" என்றார். வளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலமும் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எண்ணெய் இல்லாவிட்டாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சாக்ஸ் போட்ட காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, கோபா பௌதி இலிஷ் தலைக்காக மருமகளிடம் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிற கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டினார். தேய்ப்பது தெரியாது என்று அவர் சொன்னதை நம்பலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். பேசிக்கொண்டே மெதுவாக இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். உம், உம் என்றுகொண்டே இருந்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு.

திரும்பவும் காலைப் பிடித்தேன், இந்தத் தடவை இறுக்கி. பேச்சை நிறுத்தினேன்.

உடனே கண்ணைத் திறந்தார். "ஏன்ட்டி நிறுத்திட்ட?" என்றார்.

கட்டிலுக்குக் கீழே, தரைக்கு அடியில், பிறாண்டுகிற சத்தம் கேட்டது. அது அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று நான் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன்.